டைர்பேஸோடு பாயிண்டரைக் கூட்டினால் பிசிகல் முகவரி கிடைக்குமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். விண்டோஸ் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வெளியிலிருந்து விண்டிபக் என்ற டீபக்கர் மூலம் கர்னல் டீபக் செய்கிறார், அதாவது மெஷினையே நிறுத்தி, விண்டோஸின் மையப் பகுதியான கர்னலையும் சேர்த்து அதன் மெமரியைப் பார்க்கிறார். மெஷினுக்குள் அவருடைய ப்ரோகிராம் ஒரு பஃபரின் (டேட்டா வைக்க ஒதுக்கிய மெமரித் துண்டின்) பாயிண்டரை, அதாவது அதன் முகவரியை, திரையில் அச்சிடுகிறது. அந்த எண்ணை டீபக்கரில் கொடுத்து, மெமரியின் பைட்டுகளைக் காட்டும் டிபி கட்டளையை அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வருகின்றன. யாரோ "பிசிகல் முகவரியாக மாற்றிப் பார்" என்று சொல்லியிருக்கிறார்கள் (ப்ரோகிராமின் பாயிண்டரில் இருப்பது வர்ச்சுவல் முகவரி, மெமரியில் அந்த பைட் உண்மையில் இருக்கும் இடம் பிசிகல் முகவரி). இவர் !ப்ராசஸ் கட்டளை காட்டிய டைர்பேஸ் எண்ணை (ஒரு ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராமின், முகவரிப் பதிவேடு இருக்கும் இடம்) பாயிண்டரோடு கூட்டி, பிசிகல் மெமரியைப் படிக்கும் !டிபி-யில் போட்டார், படிக்க முடியவில்லை என்றது. பாயிண்டரின் கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்தார், ஏதோ பைட்டுகள் வந்தன, ஆனால் அவருடையவை இல்லை. "சரியான ஃபார்முலா என்ன?" என்பது கேள்வி.

ஃபார்முலா கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு வேண்டியது, தன் ப்ரோகிராம் பார்க்கிற அதே பைட்டை டீபக்கரிலும் பார்க்க வேண்டும் என்பதுதான். இந்த இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஃபார்முலா கிடையாது. பைட்டைப் பார்க்கவோ, பெரும்பாலான நேரம் பிசிகல் முகவரிக்குப் போகவே தேவையில்லை. இருந்தாலும் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தடவையாவது கையால் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் திரும்ப வருவதில்லை.

டைர்பேஸ் என்ற பெயரில் "பேஸ்" இருப்பதால் கூட்டத் தோன்றுகிறது. அது இயல்புதான். 1978-இல் வந்த 8086-இல் அப்படித்தான் இருந்தது: செக்மென்ட்டைப் பதினாறால் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் மெமரி முகவரி வந்துவிடும். 1234:0010 என்றால் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 12340-ஓடு 10-ஐக் கூட்டி 12350. 1235:0000 என்று எழுதினாலும் அதே இடம். தாளும் பென்சிலும் போதும், டீபக்கரே வேண்டாம். பழைய பாடப்புத்தகங்களில் படித்தவர்கள் மனதில் இந்தக் கணக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1985-இல் 80386 பேஜிங்கை (மெமரியைப் பேஜ் என்ற துண்டுகளாக வெட்டி, எது எங்கே என்று டேபிளில் எழுதிவைக்கும் முறை) கொண்டுவந்த பிறகு இந்த வழி அடைபட்டுவிட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ் ப்ரோகிராம்களில் செக்மென்ட் கணக்கின் மிச்சம் என்று சொன்னால் ஜிஎஸ் ரிஜிஸ்டர் மட்டும்தான். யூசர் மோடில், அதாவது சாதாரண ப்ரோகிராம்கள் ஓடும் நிலையில், ஜிஎஸ்:30-இல் டிஇபி (த்ரெட் பற்றிய தகவல்), ஜிஎஸ்:60-இல் பிஇபி (ப்ராசஸ் பற்றிய தகவல்).

சென்னையில் பழைய தெருக்களில் வீட்டு வாசலில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று பலகை இருக்கும். பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணைக் கண்டுபிடிக்க எந்தக் கூட்டல் கழித்தலும் உதவாது. பலகையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரரிடம் கேட்க வேண்டும். அதோடு "12-ஆம் எண்" என்று மொட்டையாகச் சொன்னால் எந்தத் தெரு என்றும் கேட்பார். வர்ச்சுவல் முகவரி இந்தப் பழைய எண். ப்ராசஸ் என்பது தெரு. டைர்பேஸ் என்பது அந்தத் தெருவின் பதிவேடு வைத்திருக்கும் அலமாரியின் இடம், அவ்வளவுதான். அலமாரியின் இடத்தை வீட்டு எண்ணோடு கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது ஒரு முகவரியை எடுத்துக் கையாலேயே மாற்றுவோம். ஹெக்ஸில் எழுத்துகளும் கலந்து வரும். கண் வலிக்காமல் இருக்க, இலக்கம் மட்டும் வரும்படி எண்களை நானே பொறுக்கியிருக்கிறேன். உங்கள் திரையில் இவ்வளவு அழகாக இருக்காது. பாயிண்டர் 00000241`42425478 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் அந்தச் சாய்ந்த குறி எண்ணின் பகுதி இல்லை, மேல் 32 பிட்டையும் கீழ் 32 பிட்டையும் பிரித்துக் காட்ட விண்டிபக் போடுவது. நம் ப்ராசஸின் டைர்பேஸ் 12345000.

64 பிட் ப்ராசஸரில், வழக்கமான நான்கு அடுக்குப் பேஜிங்கில், முகவரியின் கீழ் 48 பிட்டுகள்தான் கணக்கில் வரும். அதைக் கீழிருந்து 12, அப்புறம் 9, 9, 9, 9 என்று வெட்டவேண்டும். ஏன் ஒன்பது என்றால், ஒரு டேபிள் ஒரு பேஜ் அளவு, அதாவது 4096 பைட்; ஒரு வரி 8 பைட்; ஆக 512 வரிகள்; 512-ஐச் சுட்ட ஒன்பது பிட் வேண்டும். கடைசி 12 பிட், ஹெக்ஸில் கடைசி மூன்று இலக்கம், பேஜுக்குள் எங்கே என்பதைச் சொல்லும் ஆஃப்செட். நம்முடையதில் அது 478. மாற்றத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இந்த மூன்று இலக்கம் மட்டும் மாறவே மாறாது. நீங்கள் கண்டுபிடித்த பிசிகல் முகவரியின் கடைசி மூன்று இலக்கம் பாயிண்டரின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் மேலே எதையும் பார்க்க வேண்டாம், கணக்கு தப்பு.

மீதி நான்கு ஒன்பதுகளை எடுக்க, முகவரியை 39, 30, 21, 12 பிட் வலப்பக்கம் தள்ளி ஒவ்வொரு தடவையும் 511-ஓடு ஆண்ட் செய்தால் (கீழ் ஒன்பது பிட்டை மட்டும் நிறுத்திக்கொண்டால்) போதும். விண்டிபக்கின் கேள்விக்குறிக் கட்டளையிலேயே இதைச் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே சும்மா 39 என்று அடித்தால் அதை ஹெக்ஸ் 39, அதாவது 57 என்று எடுத்துக்கொள்ளும். தசமம் என்று சொல்ல முன்னால் பூஜ்யமும் சிறிய "என்" எழுத்தும் சேர்க்கவேண்டும். நம் முகவரிக்கு வருவது, தசமத்தில், 4, 261, 18, 37.

இனி பதிவேட்டைப் புரட்டலாம். மேல் அடுக்கு டேபிள் 12345000-இல். வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால், நான்காவது வரி என்றால் 4 × 8 = 32, ஹெக்ஸில் 20. ஆக 12345020-இல் இருக்கும் எட்டு பைட்டைப் பிசிகல் மெமரியிலிருந்து படிக்கிறோம், 23456867 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் கடைசி மூன்று இலக்கம், 867, முகவரி இல்லை, கொடிகள், அதாவது ஆம் இல்லை என்று சொல்லும் பிட்டுகள். முன்னால் இருக்கும் 23456 அடுத்த டேபிள் இருக்கும் பேஜ் சட்டத்தின் எண். இதைத்தான் பிஎஃப்என் என்கிறோம். பின்னால் மூன்று பூஜ்யம் சேர்த்தால் 23456000. அடுத்த எண் 261. எட்டால் பெருக்கினால் ஹெக்ஸில் 828. 23456828-இல் படித்தால் 34567867. அடுத்தது 18, எட்டால் பெருக்க 90. 34567090-இல் 45678867. கடைசி 37, எட்டால் பெருக்க 128. 45678128-இல் 80000000`56789867. இதுதான் பிடிஇ, கடைசி அடுக்கு டேபிளின் வரி. மேல்முனையில் இருக்கும் 8, இந்தப் பேஜில் இருப்பதைக் கோடாக ஓட்டக்கூடாது என்ற கொடி. டேட்டா பஃபருக்கு அது இருக்கத்தான் வேண்டும். பிஎஃப்என் 56789. நம் ஆஃப்செட் 478-ஐ ஒட்டினால் பிசிகல் முகவரி 56789478.

இவ்வளவு தூரத்தில் டைர்பேஸோடு நாம் எதையாவது கூட்டினோம் என்றால், அது முதல் டேபிளில் நான்காவது வரியைக் கண்டுபிடிக்க 20-ஐக் கூட்டியது மட்டும்தான். மற்றதெல்லாம் படித்துப் படித்துப் போனது. நடுவில் எந்த வரியில் என்ன இருக்கும் என்று விண்டோஸ் அன்றைய மெமரி நிலையை வைத்து முடிவு செய்கிறது. அதே ப்ரோகிராமை நாளை ஓட்டினால் நான்கு வரியும் வேறாக இருக்கும். அதனால்தான் ஃபார்முலா கிடையாது என்கிறேன்.

நடைமுறையில் யாரும் இதைக் கையால் செய்வதில்லை. வர்ச்சுவலிலிருந்து பிசிகலுக்கு என்பதன் சுருக்கமான !விடிஓபி கட்டளைக்கு முதலில் டைர்பேஸ், அப்புறம் பாயிண்டர் கொடுத்தால் நான்கு அடுக்கையும் வரிசையாகக் காட்டி, கடைசியில் பிசிகல் முகவரியைச் சொல்லிவிடும். டைர்பேஸ் இடத்தில் பூஜ்யம் கொடுத்தால் "இப்போதைய ப்ராசஸ்" என்று எடுத்துக்கொள்ளும். !பிடிஇ கட்டளை இப்போதைய ப்ராசஸுக்கு அதே நான்கு வரிகளைக் கொடிகளோடு காட்டும். இந்த "இப்போதைய" என்ற சொல்லில்தான் உங்கள் கேள்விக்குறிகள் ஒளிந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

கர்னல் டீபக்கரில் நீங்கள் பிரேக் கொடுத்து மெஷினை நிறுத்தும்போது, அந்த நொடியில் ப்ராசஸரில் எது இருந்ததோ அதுதான் "இப்போதைய ப்ராசஸ்". பெரும்பாலும் அது சிஸ்டம் ப்ராசஸாகவோ ஐடிலாகவோ இருக்கும், உங்கள் ப்ரோகிராமாக இருக்காது. சிஸ்டம் ப்ராசஸின் தெருவில் போய் 00000241`42425478 எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு வீடே இல்லை என்ற பதில்தான் கேள்விக்குறிகளாக வருகிறது. முதலில் செய்ய வேண்டியது: !ப்ராசஸ் 0 0 கட்டளைக்குப் பின்னால் உங்கள் ப்ரோகிராமின் பெயரைக் கொடுத்து, அது காட்டும் ஈப்ராசஸ் (அந்த ப்ராசஸைப் பற்றி கர்னல் வைத்திருக்கும் பதிவு) முகவரியை எடுத்துக்கொண்டு, .ப்ராசஸ் கட்டளையில் /பி, /ஆர் இரண்டையும் சேர்த்து அந்த முகவரியைக் கொடுங்கள். /பி என்றால் இனிமேல் பாயிண்டர்களை இந்த ப்ராசஸின் பேஜ் டேபிள் வழியாகப் படி என்று அர்த்தம். /ஆர் யூசர் மோட் சிம்பல்களை (எந்த முகவரிக்கு என்ன பெயர் என்ற பட்டியலை) திரும்ப ஏற்றும். அதற்கப்புறம் சாதாரண டிபி-யிலேயே உங்கள் பஃபர் தெரியவேண்டும். தெரிந்துவிட்டால் பிசிகல் முகவரிக்கு வேலையே இல்லை.

தெரியவில்லை என்றால் அடுத்த சந்தேகம், பேஜ் அந்த நேரத்தில் மெமரியில் இல்லை என்பது. பிடிஇ-யின் கடைசி பிட் பூஜ்யமாக இருந்தால் ப்ராசஸர் அந்த வரியின் மற்ற எதையும் நம்பாது. அந்த 63 பிட்டையும் விண்டோஸ் தன் குறிப்பேடாகப் பயன்படுத்திக்கொள்கிறது. டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குப் போயிருக்கலாம். வொர்க்கிங் செட்டிலிருந்து (ப்ராசஸ் உடனே தொடக்கூடிய பேஜ்களின் தொகுப்பு) கழற்றப்பட்டு இன்னும் ரேமிலேயே காத்திருக்கலாம். இதை டிரான்சிஷன் என்பார்கள், இந்த நிலையில் டேட்டா அந்தப் பிஎஃப்என்-இலேயே இருக்கும். ஒதுக்கிவிட்டு இதுவரை யாரும் தொடாத பேஜாக இருக்கலாம். மெமரி கேட்டு வாங்கியதோடு எழுதாமல் விட்ட பஃபர் என்றால் இதுதான் காரணம், அதற்குப் பிசிகல் முகவரி என்ற ஒன்றே இன்னும் பிறக்கவில்லை. கடைசி வகையைப் பார்த்துப் பலர் டீபக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ப்ரோகிராமில் அந்தப் பஃபரின் ஒவ்வொரு பேஜிலும் ஒரு பைட் எழுதிவிட்டு மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். பேஜ் ஃபைலுக்குப் போனது என்றால், .ப்ராசஸ் கட்டளையில் /பி-க்குப் பதில் /ஐ போட்டு, ஜி அடித்து மெஷினைக் கொஞ்சம் ஓடவிட்டால், அதே ப்ராசஸுக்குள் வந்து நிற்கும். அங்கே .பேஜ்இன் கட்டளையால் பேஜை உள்ளே இழுக்கலாம். உயிரோடு ஓடுகிற மெஷினில்தான் இது நடக்கும். மெமரியின் நகலான டம்ப் ஃபைலில் இல்லாத பேஜ் இல்லாததுதான். கர்னல் டம்ப்பில் யூசர் பேஜ்கள் எழுதப்படுவதில்லை என்பதால் அதில் உங்கள் பஃபரைத் தேடுவதே வீண்; கம்ப்ளீட் டம்ப் எடுக்கவேண்டும்.

இந்த "எந்தத் தெரு" விஷயத்தில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். எக்ஸ்பி காலம், 32 பிட். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கருவிக்கான டிரைவரையும், அதோடு பேசுகிற ஒரு சின்ன ப்ரோகிராமையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரோகிராமுக்குள் ஒரு கவுண்டர், முகவரி 00417340. திரையில் 37 என்று காட்டுகிறது, டீபக்கரில் பார்த்தால் 0. ப்ராசஸ் சூழலை ஒழுங்காக மாற்றியிருந்தேன், கேள்விக்குறி எதுவும் இல்லை, பைட்டுகள் சுத்தமாக வருகின்றன, ஆனால் மதிப்பு மட்டும் 0. இரண்டு நாள் டிரைவர் கோடில் ரேஸ் கண்டிஷன் (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் தவறு) தேடினேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து மேஜையில் இருந்த அண்ணன் என் திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஓடுதே, நீ எதைப் பார்க்கிறே?" என்றார். !ப்ராசஸ் 0 0 பட்டியலில் அதே பெயர் இரண்டு தடவை இருந்தது. முந்தின நாள் டிரே ஐகானில் ஒளிந்துகொண்ட ஒரு பிரதி மூடப்படாமலே ஓடியிருக்கிறது. நான் முதலில் கண்ணில் பட்ட டைர்பேஸை எடுத்திருக்கிறேன். அந்தக் காலத்து ப்ரோகிராம்கள் எல்லாம் 00400000-இலேயே ஏறும் என்பதால் இரண்டு பிரதியிலும் 00417340 செல்லுபடியாகிற முகவரி, இரண்டிலும் கவுண்டர் இருக்கிறது, ஒன்றில் 37, மற்றதில் 0. இன்று ஏஎஸ்எல்ஆர் (முகவரிகளைக் குலுக்கிப்போடும் பாதுகாப்பு) இருப்பதால் ஸ்டாக், ஹீப் முகவரிகளில் இந்த மாதிரித் தவறு கொஞ்சம் குறைவு. ஆனால் டிஎல்எல்களை (பல ப்ரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்களை) விண்டோஸ் ஒரு பூட்டில் எல்லா ப்ராசஸுக்கும் பொதுவாக ஒரே முகவரியில் ஏற்றுவதால், டிஎல்எல்-க்குள் இருக்கும் குளோபல் மாறிகளில் இன்றும் இதே பள்ளம் உண்டு.

கையால் மாற்றும்போது தடுக்கி விழும் வேறு இடங்களும் உண்டு. டைர்பேஸ் சில மெஷின்களில் 12345000 என்று வராமல் 12345002 என்று வரும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு வந்த மாற்றங்களோடு இதைப் பரவலாகப் பார்க்க ஆரம்பித்தோம். கடைசி 12 பிட்டில் இருப்பது பிசிஐடி, கேஷுக்கான ஓர் அடையாள எண். முகவரியில் அதற்கு வேலை இல்லை, கையால் கணக்குப் போடும்போது 000 ஆக்கிவிடுங்கள். (பெரிய பிசிகல் முகவரிகளுக்கான பிஏஇ முறையில் ஓடும் பழைய 32 பிட் மெஷின்களில் இதற்கு நேர்மாறு: டைர்பேஸ் 06940320 மாதிரி இருக்கும், அங்கே 320 முகவரியின் பகுதியேதான்.) அதே மெல்ட்டவுன் தடுப்பால் ஒரு ப்ராசஸுக்கு இரண்டு டைர்பேஸ் இருக்கலாம், கர்னலுக்கு ஒன்று, யூசர் மோடுக்கு ஒன்று. யூசர் மோட் பிரதியில் கர்னல் முகவரிகள் பெரும்பாலும் இருக்காது. !ப்ராசஸ் காட்டுவது கர்னல் பிரதி, அதில் இரண்டு பக்கமும் உண்டு, அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது பெரிய பேஜ். மூன்றாம் அடுக்கு வரியின் கொடிகளில் நடு இலக்கத்தைப் பாருங்கள். நம் உதாரணத்தில் 867, நடுவில் 6. அது 8-ஓ அதற்கு மேலோ இருந்தால் ஏழாவது பிட் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நான்காவது அடுக்கு கிடையாது, அந்த வரியே 2 எம்பி பேஜைச் சுட்டுகிறது. அப்போது ஆஃப்செட் 12 பிட் அல்ல, 21 பிட். நம் முகவரிக்கு அது 25478. பேஜ் 45600000-இல் தொடங்குகிறது என்றால் பதில் 45625478. இதைக் கவனிக்காமல் நான்காவது அடுக்கைத் தேடிப் போனால், யாருடைய டேட்டாவையோ பேஜ் டேபிள் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருப்போம். விண்டோஸ் கர்னலின் சொந்தக் கோடு பெரிய பேஜ்களில் ஏறுவது சகஜம். இரண்டாம் அடுக்கிலேயே அந்தப் பிட் ஏறியிருந்தால் அது 1 ஜிபி பேஜ், ஆஃப்செட் 30 பிட்.

இன்னொன்று, பஃபர் ஒரு பேஜைத் தாண்டினால். ஆஃப்செட் 478 என்பது தசமத்தில் 1144. உங்கள் பஃபர் 4096 பைட் என்றால் முதல் 2952 பைட்தான் 56789478-இலிருந்து தொடர்ச்சியாக இருக்கும். மீதி 1144 பைட் அடுத்த வர்ச்சுவல் பேஜில், அதன் பிசிகல் சட்டம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். !டிபி அடித்து நீளமாகப் படித்துக்கொண்டே போனால் பாதியில் வேறு யாருடையதோ வர ஆரம்பிக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் பார்த்த "ஏதோ பைட்டுகள்" இதனால் வந்தவை இல்லை, அது கூட்டலால் வந்தது; ஆனால் கூட்டலை விட்டபிறகு நீங்கள் சந்திக்கப்போவது இதுதான்.

பிசிகல் மெமரியைப் படிக்கும்போது, படிக்க முடியவில்லை, கேஷிங் வகை தெரிந்தால் சதுர அடைப்புக்குள் குறிப்பிடு என்று விண்டிபக் சொல்லும். கூடவே, தவறான வகையைக் கொடுத்தால் ப்ராசஸர் நிலையே கெட்டுவிடலாம் என்று ஓர் எச்சரிக்கையும் வரும். அதைச் சும்மா எழுதி வைக்கவில்லை. சாதாரண ரேமுக்கு "கேஷ்ட்" வகை சரி. ஒரு கருவியின் ரிஜிஸ்டர் இருக்கும் இடத்தில் குத்துமதிப்பாக எதையும் போடாதீர்கள். பிசிகல் முகவரியில் எழுதுவதை இன்னும் யோசித்துச் செய்யவேண்டும். ஒரு டிஎல்எல்-இன் கோட் பேஜை எல்லா ப்ராசஸும் பகிர்ந்துகொண்டிருக்கும். வர்ச்சுவல் வழியாக ஒரு ப்ராசஸ் எழுதினால் விண்டோஸ் அதற்கு மட்டும் தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கும். பிசிகலில் நேராக எழுதினால் அந்தக் காவல் இல்லை, ஒரே பைட் மாற்றம் அந்த டிஎல்எல்-ஐப் பயன்படுத்துகிற எல்லா ப்ரோகிராமிலும் தெரியும்.

உங்களுடையது விர்ச்சுவல் மெஷின் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மெஷினைப் பார்த்து டீபக்கர் "பிசிகல்" என்று சொல்லும் 56789478, உண்மையான ரேம் சில்லுவில் இருக்கும் முகவரி அல்ல. அது அந்த மெஷின் தன்னுடையது என்று நம்பும் பிசிகல். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் ஹைப்பர்வைசர் அதற்கடியில் இன்னொரு நான்கு அடுக்குப் பதிவேடு வைத்து, ஒவ்வொரு பேஜையும் மறுபடி வேறு இடத்துக்கு மாற்றுகிறது. இன்டெலில் இபிடி, ஏஎம்டியில் என்பிடி என்பார்கள். மெஷினோடு இணைந்திருக்கும் உங்கள் டீபக்கருக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. ஹோஸ்ட் கணினியின் டீபக்கரில் இதே எண்ணைப் போட்டுப் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பிசிகல் முகவரி எதற்கு வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கருவிக்கு டிஎம்ஏ-க்காக (கருவி ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக மெமரியைத் தொடுவதற்காக) கொடுக்கத்தான் என்றால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐஓஎம்எம்யூ (கருவிகள் தரும் முகவரிகளை மாற்றும் வன்பொருள்) இருக்கும் கணினியில் கருவி பார்க்கும் முகவரி மூன்றாவதாக ஒன்று, வர்ச்சுவலும் இல்லை, பிசிகலும் இல்லை. டிரைவரில் பஃபரை எம்டிஎல் (அதன் பிசிகல் பேஜ்களின் பட்டியல்) மூலம் பூட்டி, விண்டோஸின் டிஎம்ஏ ஃபங்ஷன்களிடம் ஸ்கேட்டர்-கேதர் பட்டியலை (சிதறிக் கிடக்கும் துண்டுகளின் முகவரிப் பட்டியலை) கேட்டு வாங்குவதுதான் வழி. டீபக்கரில் கண்டுபிடித்த எண்ணைக் கோடில் எழுதி வைத்தால் ஒரு கணினியில் ஒரு மதியம் வேலை செய்யும்.

ப்ரோகிராம் 32 பிட்டாக இருந்து விண்டோஸ் 64 பிட்டாக இருந்தால் இதில் எதுவுமே காரணமாக இருக்காமல், பாயிண்டரைப் படித்த விதமே தப்பாக இருக்கலாம். பாயிண்டர்கள் நான்கு பைட். டீபக்கர் எட்டு எட்டாகப் படித்தால் பக்கத்துப் பக்கத்துப் பாயிண்டர் இரண்டும் ஒட்டிக்கொண்டு 00417340`00417320 என்று வரும். சாய்ந்த குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே சாயலில் எண்கள் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். வலது பக்கம் இருப்பது முதல் பாயிண்டர், இடது பக்கம் இரண்டாவது. எக்ஸ்ப்ரஷனில், முழுப் பாயிண்டர் அளவு படிக்கும் பிஓஐ-க்குப் பதில் நான்கு பைட் மட்டும் படிக்கும் டிடபிள்யூஓ பயன்படுத்துங்கள்.

இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு அடுக்கு, 9-9-9-9-12 வெட்டு, கொடிகளின் இடம், பெரிய பேஜ் இவையெல்லாம் இன்டெல், ஏஎம்டி கையேடுகளில் உள்ளவை. விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் மாறாது. ஐந்தடுக்கு பேஜிங் இயக்கப்பட்ட சர்வர்களில் மட்டும் மேலே இன்னொரு 9 சேர்ந்து 57 பிட்டாகும். ஆனால் செல்லாத பிடிஇ-க்குள் விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. இணையத்தில் கிடைக்கும் பழைய படங்களை நம்பாமல், உங்கள் மெஷினின் சிம்பல்களிலிருந்து, பிடிஇ-யின் அமைப்பைச் சொல்லும் எம்எம்பிடிஇ ஸ்ட்ரக்சரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேஜ் டேபிள்கள் இந்த நிலையான முகவரியில் இருக்கும் என்று சொல்லும் குறிப்புகளும் அப்படித்தான். 2016-இல் வந்த விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட்டிலிருந்து அந்த இடம் ஒவ்வொரு பூட்டிலும் மாறுகிறது. உங்கள் கேள்விக்குறிகளுக்கு ப்ராசஸ் சூழல்தான் காரணம் என்பது என் ஊகம், வலுவான ஊகம், ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. தொடாத பேஜும் அதே அறிகுறியைத்தான் காட்டும்.

லினக்ஸில் இதே வேலைக்கு வந்தால், கிராஷ் என்ற கருவியிலும் விடிஓபி என்ற பெயரிலேயே கட்டளை உண்டு. அங்கே ஓடுகிற மெஷினில் ப்ராக் அடைவில் பேஜ்மேப் என்ற ஃபைலும் உண்டு, ஆனால் கர்னல் 4.2-இலிருந்து போதிய உரிமை இல்லாத ப்ரோகிராம் படித்தால் பிஎஃப்என் இடத்தில் பூஜ்யம்தான் வரும்.

சரி, .ப்ராசஸ் கட்டளையை /பி, /ஆர் இரண்டோடும் அடித்துப் பாருங்கள். டிபி அப்போதும் கேள்விக்குறிதான் காட்டுகிறது என்றால், !ப்ராசஸ் 0 0 பட்டியலில் உங்கள் ப்ரோகிராம் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிட்டு, அந்தப் பாயிண்டருக்கு !பிடிஇ காட்டும் வரிகளைக் கொடியோடு அப்படியே இங்கே ஒட்டுங்கள். கடைசி வரியின் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே பேஜ் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.